மேல்துண்டுல விடு

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

புல் அறுத்த அன்றைக்கு இங்கே இருந்தவர்கள் நான், உன் அக்கா, உன் அத்தான், மிஷின்காரர், வேலிக்கு அந்தப் பக்கம் தையற்காரி, மர நிழலில் உன் மாமா, அப்புறம் நம் மாடு செவலை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், நாளைக்கு யாராவது தான் அங்கே இல்லவே இல்லை என்று உன்னிடம் சொல்லக் கூடாது பார். எல்லாருக்கும் கை கால் சுகம்தான், செவலைக்கும் சுகம்தான். நீயும் மருமகளும் பேத்தியும் வேளைக்குச் சாப்பிட்டு, சளி காய்ச்சல் அண்டாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், நான் படித்த படிப்புக்கு இதுவே ஜாஸ்தி, அதுவும் நாலு வரிக்கு ஒரு தடவை எழுந்து போய் வானத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

நம் நிலத்து மேல்துண்டில் புல் இடுப்பளவு நின்றது கண்ணு. பூவும் விட்டாயிற்று. இன்னும் கொஞ்சம் போனால் தண்டு கட்டையாகிவிடும், காயவைத்துப் போட்டாலும் செவலை மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். கீழ்த்துண்டு உனக்குத் தெரியும், வாய்க்கால் கசிந்து சேறும் கோரையுமாகத்தான் கிடக்கும், அதில் அறுக்க ஒன்றுமில்லை. உன் அத்தான் தங்கமான மனுஷர், ஆனால் ஒன்று சொன்னால் சொன்னதுதான். இந்தத் தடவையும் கொட்டகையில தீவனம் சேரலேன்னா செவலைய யாருக்காவது கொடுத்துடலாம் அத்தை, கட்டிவச்சுப் பட்டினி போடற பாவம் நமக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து எனக்கு உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை, படுத்தால் தூக்கம் வரவில்லை. மிஷின்காரருக்குப் போன் போட்டால் இதோ கிளம்பிட்டேன் பெரியம்மா என்பார். அவர் கிளம்பின கிளம்பலுக்கு இந்நேரம் உன் வீட்டு வாசலுக்கே வந்து நின்றிருக்க வேண்டும். ஒரு நாள் டயர் பஞ்சர், ஒரு நாள் மச்சினி கல்யாணம், அடுத்த வாரமும் மச்சினி கல்யாணம். அந்தப் பொண்ணுக்கு எத்தனை கல்யாணம்ப்பா என்று கேட்டேன், இவ சின்ன மச்சினி பெரியம்மா என்று கதையை ஆரம்பித்தார். புல்லை அறுப்பாரோ இல்லையோ, போனில் என்னை நன்றாக அறுத்தார். கைவேலைக்கு ஆள் இருந்தால் அனுப்புடா என்று உன் மாமாவிடமும் கேட்டேன். எனக்கே ஆள் கிடைக்கலக்கா என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டான். செவலை கன்று போட்டபோதே செவலைய எனக்குக் கொடுத்துடேன்க்கா என்று கேட்டவன் அவன், ஞாபகம் வைத்துக்கொள்.

கடைசியில் மிஷின்காரர் வந்து சேர்ந்தார், வந்தது வானம் கறுக்கத் தொடங்கின நாளாகப் பார்த்து. டீசல் போதாது என்று உன் அத்தான் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினார். உன் அக்கா மிஷின்காரருக்குச் சமையல் ஆகட்டும் என்று அடுப்படியில் இருந்தாள். மிஷின் சத்தம் கேட்டதும் செவலை கயிற்றை அறுக்கப் பார்த்தது, அதை வீட்டுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனபடியே திரும்பி, தொண்டை கிழிய, மேல்துண்டுல விடுப்பா என்று கத்தினேன். அந்தக் காட்டுச் சத்தத்தில் மனுஷர் காதில் மேல்துண்ட விடுப்பா என்று விழுந்திருக்கிறது. ஒரே ஒரு ‘ல’ கண்ணு. அந்த ‘ல’ காதில் விழாமல் மேல்துண்டை விட்டுவிட்டு நேராகக் கீழ்த்துண்டில் மிஷினை இறக்கிவிட்டார். நான் செவலையைக் கட்டி, தண்ணீர் காட்டி, தடவிக் கொடுத்துவிட்டு வந்து பார்த்தால் சக்கரம் பாதி சேற்றுக்குள், பிளேடில் கோரை சுற்றிக்கொண்டு ஒரு பக்கம் உடைந்து தொங்குகிறது. ஏன்யா இங்க இறக்கினே என்று அலறினேன். நீங்கதானே பெரியம்மா மேல்துண்ட விடச் சொன்னீங்க, எனக்கும் என்னடா இதுன்னுதான் இருந்துச்சு, சரி வீட்டுக்காரங்க சொன்னா காரணம் இருக்கும்னு இறக்கிட்டேன் என்று தலையைச் சொறிந்தார். அழுவதா சிரிப்பதா தெரியவில்லை.

அப்போதுதான் தையற்காரி வேலியைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னாள். மிஷின் கீழே இறங்கும்போதே அவள் உன் மாமாவிடம், ஏங்க, கோரையில விடறாரே, போய்ச் சொல்லக் கூடாதா என்று கேட்டாளாம். என்னை யாரு கேட்டா என்று அவன் காலை நீட்டிக்கொண்டானாம். சக்கரம் புதையும் வரைக்கும் சீட்டிகூட அடித்தானாம். நான் அவனைப் பார்த்தேன். அவன் மரத்தில் எதையோ பார்த்தான்.

சண்டை போட நேரம் ஏது. கொட்டகையில் இருந்த அரிவாள் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டேன். உன் அத்தான் டீசல் கேனைக் கீழே வைத்துவிட்டு ஒன்றை எடுத்துக்கொண்டார், உன் அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள், மிஷின்காரர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு எங்களுக்கு முன்னால் போய்க் குனிந்தார். தையற்காரி, என்கிட்ட கத்திரிக்கோல்தான் இருக்கு, கொண்டு வரட்டுமா என்றாள், அந்த அவசரத்திலும் எல்லாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அப்புறம் அவளே வந்து கட்டுக் கட்டினாள். என் முட்டி என்ன ஆயிற்று என்று போனில் கேட்டாயே, இதுதான் ஆயிற்று. பாதித் துண்டு முடிந்தபோது முதல் தூறல். அறுத்ததையெல்லாம் பச்சையாகவே வாரிக் கொட்டகையில் திணித்தோம். பாக்கிப் பாதி நின்றபடியே நனைந்தது. உன் மாமா எப்போது எழுந்து போனான் என்று யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் பொழுது விடிந்ததும் வந்தான், கையில் ஒரு புதுக் கயிறு. எனக்கு மனசு இளகிவிட்டது கண்ணு. நேற்று வராததற்கு இன்றைக்குக் கட்டுக் கட்ட வந்திருக்கிறான், கூடப் பிறந்த ரத்தம் அல்லவா என்று டீ போட்டு, இரண்டு ஸ்பூன் சர்க்கரை கூடவே போட்டுக் கொடுத்தேன். உறிஞ்சிக் குடித்துவிட்டு டம்ளரை வைத்தான். தீவனம்தான் போச்சேக்கா, செவலைய நான் ஓட்டிட்டுப் போகட்டுமா என்றான். கயிறு மாட்டுக்கு. உன் அத்தான் அப்போதுதான் கொட்டகையிலிருந்து வெளியே வந்தார், தலையெல்லாம் புல். அவனையும் கயிற்றையும் பார்த்தார், என்னைப் பார்த்தார். இருக்கற தீவனம் போதும் மாமா, குறைஞ்சா நான் பாத்துக்கறேன், மாடு இங்கதான் இருக்கும் என்றார். ஒன்று சொன்னால் சொன்னதுதான் என்றேனே, அது இதற்கும் சேர்த்துத்தான். அன்றிலிருந்து அந்த ஈரப் புல்லை வெயில் எட்டிப் பார்க்கிறபோதெல்லாம் வெளியே பரப்புகிறோம், மேகம் வந்தால் வாரி உள்ளே போடுகிறோம். நிற்கிற பாதியை அறுக்க மிஷின்காரர் புது பிளேடோடு வருகிறேன் என்றிருக்கிறார். இதோ கிளம்பிவிட்டாராம்.

நீ ராத்திரி கண் விழித்து வேலை பார்ப்பதைக் குறைத்துக்கொள். பேத்திக்குப் பாலில் ஒன்றும் கலக்காமல் வெறும் பாலாகக் கொடுக்கச் சொல். மாமா போன் செய்து அக்கா கோபத்தில் எதையாவது எழுதியிருப்பா என்று சொன்னால் ம் என்று மட்டும் சொல்லு, வேறு ஒன்றும் பேசாதே. நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி நன்றாக இருக்க வேண்டும், என் ஆயுசும் பேத்திக்குச் சேரட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா

மடித்த தாளை மறுபடி பிரித்து எழுதுகிறேன். அன்றைக்குப் போனில் நான் இதைச் சொல்ல ஆரம்பித்தபோதே, சரி விடும்மா என்றாய். அந்த ‘விடு’வால் வந்த வினைதான் இத்தனையும். ஆனாலும் நீ சொன்னதற்காக யோசித்துப் பார்த்தேன். மிஷின்காரரை விட்டுவிட்டேன், பாவம் அவர் காதில் விழுந்ததைச் செய்தார். அவருடைய மச்சினிகளையும் விட்டுவிட்டேன். அந்த நேரம் பார்த்து வந்த மழையைக்கூட விட்டுவிட்டேன். கண் எதிரே பார்த்துக்கொண்டு வாயை மூடியிருந்தவனை மட்டும் விட மாட்டேன். அவன் என் கூடப் பிறந்த தம்பி, உன் மாமா.