துரை விட்ட ஏழு கொடுவா

விகாரி வருஷம், மாசி 9

துரை இன்று தூண்டிலில் பிடித்த ஏழு கொடுவா மீனையும் ஏரியிலேயே திரும்ப விட்டுவிட்டார். ஒல்லாந்தர் கோட்டைக் கிடங்கு அவர் பொறுப்பு; என் துணிக்கட்டுகளை ஏற்பதும் தள்ளுவதும் அவர் வாய்ச்சொல். அதனால்தான் என் படகையும், அதை ஓட்டப் பசியாவரத்து மீனவன் தெய்வசிகாமணியையும் அனுப்பினேன்.

"துன்றதுக்கு இல்லியாம் செட்டியாரே, வெளையாட்டுக்காம். முத்தம் குடுத்து வேற வுடறாரு" என்றான். முத்தத்தை மட்டும் நான் நம்பவில்லை.

காலையில் அவன் தயங்கினான். துரை கேட்ட இடம் இன்று இன்னொரு மீனவன் வேதாசலத்தின் பாடு. ஏரியில் எந்த நாள் எந்த இடம் யாருக்கு என்று மீனவர்கள் வைத்திருக்கும் முறைதான் பாடு; மற்றவன் அங்கே மீன் பிடிக்கக் கூடாது. பிடித்ததை விட்டுவிடுவதாகத் துரை முன்பே சொல்லியிருந்ததால் நான்தான் சொன்னேன்: "விட்டுட்டா பிடிச்சதே இல்லையே, போ." சாமர்த்தியம் என்று நினைப்பு.

மாசி 11

வேதாசலத்தின் இடத்தில் ஐந்து கொடுவா செத்து மிதந்தன. வாய் கிழிந்து, முதுகில் விரல் தடம் வெளுத்து. விட்டபோது நீந்திப் போனவைதானே?

மாசி 12

ஊர்க்கூட்டம் தெய்வசிகாமணிக்கு ஒரு வருஷம் பாடு இல்லை என்று தீர்த்துவிட்டது. ஒரு வருஷம் — நாலு பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? அவன் என் பெயரை எடுக்கவே இல்லையாம். ஏன்டா எடுக்கல?

அவன் பெண்சாதி அங்காளம்மாள் வந்து நின்றாள். "காஞ்ச கையால புடிச்சா வழவழப்பு போய்டும். வெயில்ல பலகை மேல போட்டா மூச்சு நின்னுடும். முழுங்கின தூண்டில்முள்ள இழுத்தா கொடலே வரும். எங்கூட்டுப் புள்ளைக்குத் தெரியும். இத்தினி படகு வச்சிருக்கீங்க, உங்களுக்குத் தெரியாதா?"

அவள் கொண்டுவந்திருந்த செத்த கொடுவாவின் தலையை வாங்கி உப்பில் போட்டு வைத்தேன்.

மாசி 13

உப்பில் போட்ட அந்த மீன்தலையைத் துரையிடம் காட்டினேன். அங்காளம்மாள் சொன்னதைத் துபாஷி அவர் பாஷையில் சொல்லச் சொல்ல அவர் முகம் செத்தது. உயிர்ப்பிச்சை கொடுத்ததாகவே நினைத்திருக்கிறார். நானும்தான்.

மாசி 16

கூட்டத்தில் எழுந்து, தெய்வசிகாமணியை அனுப்பியவன் நான்; துரை இனி மீன் சாகாமல் பிடிப்பார் என்றேன்.

"முத்தம் குடுக்கற துரைக்கு நீங்க ஜாமீனா?" என்றான் வேதாசலம். எல்லாரும் சிரித்தார்கள்.

"ஆமாம்."

பேசி முடித்தது: தெய்வசிகாமணியின் பாடு அவனுக்கே. துரை அவன் முறை நாளில், அவன் இடத்தில் மட்டும் தூண்டில் போடலாம், அதுவும் வெயில் ஏறும் முன். தூண்டில் முள்ளின் எதிர்க்கூரை அராவிவிட வேண்டும். கையை நனைத்து, மீனைத் தண்ணீரில் வைத்தே கழற்ற வேண்டும். விழுங்கியிருந்தால் நூலை அறுத்துவிட வேண்டும். அப்படியும் செத்து மிதக்கும் ஒவ்வொரு மீனுக்கும் என் படகு ஒரு நாள் வேதாசலத்துக்கு. பழைய ஐந்தையும் சேர்த்து.