நானூறு லீற்றர்

பெப். 22, சனி

மைனஸ் பதினெட்டு. காற்றோடு இன்னும் மோசம். தொட்டி வந்து சேர்ந்தது.

மார்க்கம் நகருக்கு வடக்கே ஒரு பால்பண்ணையில் கழித்துவிட்டது. இரட்டைச் சுவர், உள்ளே துருப்பிடிக்காத உருக்கு. நானூறு லீற்றர் தாராளமாகக் கொள்ளும். காய்ச்ச வாடகைக்கு எடுத்த எங்கள் யூனிற்றுக்குப் பக்கத்தில் சமையலறை அலுமாரி செய்யும் சீனர் தன் போர்க்லிப்ற்றில் இறக்கித் தந்தார். பியர் வந்ததும் தன்னைக் கூப்பிடச் சொன்னார். அவ்வளவுதான் கூலி.

இவர் தொட்டியை மூன்று தரம் சுற்றி வந்தார். கல்யாணம் கட்டிப் பதினாறு வருடத்தில் இந்த மனிதர் ஒரு பொருளை இப்படித் தடவிப் பார்த்து நான் கண்டதில்லை. கார் வாங்கிய அன்றுகூட இல்லை.

செய்ய வேண்டியவை:
– தொட்டி கழுவ, சோடா இரண்டு தரம், அமிலம் ஒரு தரம்
– வால்வுக்குப் புது வாசர்
– நீளக் கம்பி வைத்த வெப்பமானி
– இவருடைய பல் டொக்டர், செவ்வாய்
– அரிசி முடிந்தது

பெப். 23, ஞாயிறு

வெயில், ஆனால் சூடு இல்லாத வெயில்.

காலையில் ரியூசன். ஆறு பிள்ளைகளும் வந்தார்கள். மோல் கணக்கு. கீழே பேஸ்மென்றில் பியர் வாளி ஒன்று பொங்கிக்கொண்டிருந்தது. மணம் மேலே வராமல் கதவின் அடியில் துவாய் செருகிவிட்டுத்தான் படிப்பித்தேன். நான்கு வருடமாக இந்தத் துவாய்.

தொடங்கியது இவர்தான். வேலையிடத்தில் யாரோ நத்தாருக்குக் கொடுத்த, வீட்டில் பியர் காய்ச்சும் சாமான் பெட்டி. காய்ச்சினார், புளித்துப்போய்விட்டது. பெட்டிக்குள் இருந்த துண்டுத்தாளை நான் வாசித்தேன். வாளியைச் சரியாகக் கழுவவில்லை என்று தெரிந்தது. யாழ்ப்பாணத்தில் ஒன்பது வருடம் இரசாயனம் படிப்பித்தவள், இங்கே பால் தொழிற்சாலை ஆய்வுகூடத்தில் கிருமி எண்ணுகிறவள். வாளி கழுவத் தெரியாதா? அன்றிலிருந்து என் கைதான். இருபது லீற்றர் வாளியில் அறுபத்தொரு தரம். எல்லாம் கொப்பியில் இருக்கிறது. நான் குடிப்பது ருசி பார்க்க அரைக் கிளாஸ்.

பின்னேரம் கோயில். சரோ அன்ரி பக்கத்தில் இருந்தா. குனிந்து மணந்தா.

"என்ன பிள்ளை, தலை வறுத்த மா மணக்குது?"

"புட்டுக்கு மா வறுத்தனான் அன்ரி."

கோயிலில் வைத்துப் பொய். நேற்று முழுக்க மோல்ற், முளைகட்டி வறுத்த பார்லி, உடைத்த மணம்.

பியர் காய்ச்சும் லைசென்ஸ் யூனிற் சுவரில் தொங்குகிறது. களவான வேலை இல்லை. இருந்தாலும் எங்கள் சனத்துக்குக் காய்ச்சுவது என்றால் ஒன்றுதான்: கள்ளச் சாராயம், கசிப்பு. "ரீச்சர் கசிப்புக் காய்ச்சுறாவாம்." ஆறு பிள்ளைகளும் அடுத்த ஞாயிறு வரமாட்டார்கள். தெரிய வேண்டாம் என்று இவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

பெப். 26, புதன்

கணக்கு. யூனியன்வில்லில் பப் வைத்திருக்கும் ஜெரி எங்கள் வாளிப் பியரைக் குடித்துப் பார்த்துவிட்டு, நானூறு லீற்றரும் இதே மாதிரி இருந்தால் எடுப்பேன் என்றிருக்கிறார். இதே மாதிரி. அதுதான் பிரச்சினை.

இவர்: "எல்லாத்தையும் இருபதாலை பெருக்கினால் சரிதானேயப்பா."

நான்: "இருபது பேருக்குக் கறி வைக்கேக்கை உப்பையும் இருபதாலையோ பெருக்கிறது?"

மோல்ற் 82 கிலோ. கசப்புக்குப் போடும் ஹொப்ஸ் பூ கொஞ்சம் குறைத்தேன். பெரிய கலம் ஆற நேரம் எடுக்கும், சூட்டில் கிடந்தால் கசப்பு ஏறும். மதுவம், அதுதான் ஈஸ்ற், இரண்டு கிழமையாகப் படிப்படியாக வளர்த்து ஒரு வாளி சேர்ந்திருக்கிறது. நல்ல வெள்ளை, நல்ல மணம்.

எல்லாம் யோசித்தாயிற்று என்று நினைக்கிறேன்.

மார்ச் 1, சனி

காய்ச்சிய நாள். காலை ஆறு மணிக்கு மில்லிக்கனில் யூனிற் வாசலில் நின்றோம். இருட்டு. பூட்டுக்குள் ஐஸ்.

82 கிலோ கையால் கிளறுவது என்ன என்று இன்றுதான் தெரிந்தது. படகுத் துடுப்பால் இவர் கிளற, நான் வெந்நீர் விட்டேன். கட்டி பட்டது. வடிய மறுத்தது. ஒன்றரை மணித்தியாலம் அதிலேயே போயிற்று. கொதி வந்ததும் பொங்கி நிலமெல்லாம் பாகு. "நிப்பாட்டுங்கோ! காஸை நிப்பாட்டுங்கோ!" சப்பாத்து நிலத்தோடு ஒட்டிக்கொண்டது. இவர் காலைத் தூக்க, சப்பாத்து அங்கேயே நின்றது. இருவரும் சிரித்தோம். எத்தனையோ நாளைக்குப் பிறகு.

வாளி இருபத்தைந்து நிமிடத்தில் ஆறும். இது மூன்று மணித்தியாலம். தொட்டிக்கு மாற்றி, 24 பாகையில் மதுவத்தை விட்டேன். பொறுமை இல்லை. 18 வரும்வரை நின்றிருக்க வேண்டும். அடர்த்தி 1.048, நினைத்தபடி.

முதுகு முறிந்துவிட்டது. இரவுச் சாப்பாடு பாண், சம்பல்.

மார்ச் 3, திங்கள்

வேலை முடிந்து நேரே போனேன். கதவு திறந்ததும் மணம். நகப்பூச்சு அழிக்கும் திரவம் மாதிரி: மதுவத்துக்குச் சூடு கூடிவிட்டது.

வெப்பநிலை (வெ.) 29.

யூனிற் குளிர்தான், 15. ஆனால் தொட்டிக்குள் 29. நொதிக்கும்போது வரும் சூட்டை வாளி தன் சுவரால் விட்டுவிடும். தொட்டிக்கு வயிறு பெரிது, தோல் கொஞ்சம். அதற்கு மேல், பாலுக்குச் சூடு ஏறாமல் கட்டிய இரட்டைச் சுவர் இப்போது சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. மேற்பரப்பும் கனவளவும். பத்தாம் வகுப்புக்கு நான் படிப்பித்த பாடம். கரும்பலகையில் சின்னப் பெட்டி, பெரிய பெட்டி கீறிக் காட்டியவள் நான்.

இவரைக் கூப்பிட்டேன். வந்தார். நான்கு உருக்குப் பானைகளைக் கொதிநீரில் கழுவி, பார்க்கிங்கில் கிடந்த ஸ்னோவை அள்ளி நிரப்பித் தொட்டிக்குள் மிதக்க விட்டோம். கரையக் கரைய மாற்றினோம். குளிர்காலம் முழுக்க ஸ்னோவை வெளியே தள்ளுகிற மனிதர் இன்று உள்ளே அள்ளினார். ஒன்பது மணிக்கு வெ. 22.

ஆனால் நடந்தது நடந்துவிட்டது.

மார்ச் 11, செவ்வாய்

மழையும் ஸ்னோவும் கலந்து. ருசி பார்த்தோம்.

முன்னுக்கு வாழைப்பழம், பின்னுக்கு நகப்பூச்சு. விழுங்கியதும் நெற்றியில் ஒரு இடி.

"குடிக்கலாம்," என்றார் இவர்.

"குடிக்கலாம். விக்கேலாது."

"ஜெரிக்கு இது புது ஸ்ரைல் எண்டு சொல்லுவம். உவைக்கு என்ன தெரியும்?"

"எனக்குத் தெரியுமே."

"உமக்கு எல்லாம் நூற்றுக்கு நூறு வேணும். இது பரீட்சையில்லை."

இன்னும் இரண்டு கிழமை வைத்துப் பார்த்தால் மணம் போகுமா என்று கேட்டார். போகாது என்றேன். வைத்த கண் வாங்காமல் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாவமாகத்தான் இருந்தது. அந்தப் 82 கிலோவும் அவர் தோளில் ஏறி வந்தது.

வால்வை நான்தான் திறந்தேன். நானூறு லீற்றரும் வடிகானில் போக நாற்பது நிமிடம். இவர் வெளியே காருக்குள் இருந்தார். கழுவ மட்டும் உள்ளே வந்தார். நன்றாகக் கழுவினார்.

ஜெரிக்குப் பிந்தும் என்று போன் செய்தாயிற்று.

மார்ச் 15, சனி

இரண்டாம் தரம். மாற்றியவை:
– உமி கூட நிற்கிற மாதிரி மோல்ற் கொஞ்சம் பெரிதாக உடைத்தது. வடிந்தது!
– பொங்கும்போது தெளிக்கத் தண்ணீர்ப் போத்தலோடு இவர் காவல்
– தொட்டிக்குள் சுருள் குழாய். குழாய்த்தண்ணீர் இப்போது 4 பாகை. வேறு குளிர் தேவையில்லை
– 17 வரும்வரை மதுவத்தைத் தொடவில்லை. இவர் இரண்டு தரம் கேட்டார், "இன்னும் இல்லையோ?" இன்னும் இல்லை.

இடது கை மணிக்கட்டில் நீராவி சுட்டது. சின்னது.

மார்ச் 18, செவ்வாய்

காலை வெ. 18. மாலை வெ. 18. தண்ணீரைக் கொஞ்சம் திறந்து, கொஞ்சம் பூட்டி. பாண் மணம். வேறு எந்த மணமும் இல்லை.

ஆய்வுகூடத்தில் என்னிடம் யாரோ ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டார்கள்.

மார்ச் 29, சனி

ஸ்னோ உருகுகிறது, எங்கும் சேறு. ஜெரி வந்தார்.

பியர் தெளிவு. தேன் நிறம். ஒரு வாய் குடித்தார். கிளாஸை வெளிச்சத்துக்குப் பிடித்தார், மிச்சத்தையும் குடித்தார். அதே பியர் என்றார். இல்லை, அதைவிட நல்லது என்றார். பிறகு கேட்டார், யார் காய்ச்சியது என்று.

நான் தொட்டியடியில் பீப்பா கழுவிக்கொண்டு நின்றேன். ரப்பர் சப்பாத்து, தலைக்கு வலை.

இவர் சொன்னார்: "நான்தான்."

ஜெரி இவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். என்னிடம் திரும்பி, இந்த மணம் உங்களுக்குத் தொல்லையில்லையா என்று கேட்டார். இல்லை என்றேன்.

வீட்டில்:

"ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"வாயிலை வந்திட்டுது. என்னைப் பாத்துத்தானே கேட்டவன்."

"நான் அதிலைதானே நிண்டனான்."

"நீர்தானேயப்பா ஒருத்தருக்கும் தெரியக்கூடாது எண்டனீர்?"

"எங்கட சனத்துக்கெண்டு சொன்னனான். ஜெரி என்ன, எங்கட கோயில் கொமிற்றியே?"

நான் சோறு போட்டேன். இவர் சாப்பிட்டுத் தன் சாப்பாட்டுக் கோப்பையோடு என் கோப்பையையும் கழுவினார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அதுதான் கோபம்.

ஏப். 5, சனி

ஏழு பீப்பா ஜெரிக்கு. இவர் மட்டும் போனார். நான் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். காய்ச்சல் இல்லை. ரியூசன் பேப்பர் திருத்தினேன். நிரோசாவுக்கு 91. கெட்டிக்காரி.

பக்கத்து யூனிற் சீனருக்கு ஒரு குடம். கேட்டு வாங்கிப்போனார்.

ஏப். 12, சனி

கல்யாண வரவேற்பு, ஸ்காபரோ. ஐந்நூறு பேர். நீலச் சேலை. மணிக்கட்டுத் தழும்பை வளையலால் மறைத்தேன்.

எங்கள் மேசையில் சரோ அன்ரி, அவவின் மனுசன், நிரோசாவின் தாய் தகப்பன், இன்னும் இரண்டு பேர். வடை வந்தது. சரோ அன்ரியின் மனுசன் இவரைப் பார்த்துச் சத்தமாக:

"தம்பி, நீர் பியர்க் கொம்பனி துவங்கியிருக்கிறீராம். மெய்யே?"

நான் வடையைத் திரும்பக் கோப்பையில் வைத்தேன். சிரித்து மழுப்பிவிடுவார் என்று நினைத்தேன்.

"துவங்கினது மெய்தான் அங்கிள். ஆனால் காய்ச்சுறது நானில்லை. இவதான். நான் சாக்குத் தூக்கிறனான், தொட்டி கழுவுறனான்."

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"ரீச்சரோ?" என்றா சரோ அன்ரி.

"ஓம். முதல் காய்ச்சினது சரிவரேல்லையெண்டு நானூறு லீற்றரையும் ஊத்திப்போட்டா. நானெண்டால் வித்திருப்பன்."

நிரோசாவின் தாய் தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்தா. நான் தலையை நிமிர்த்தினேன். வேறு என்ன செய்வது?

"ஓம் அன்ரி," என்றேன். "நான்தான் காய்ச்சுறனான்."

காரில்:

"உங்களை ஆர் இஞ்சை சொல்லச் சொன்னது?"

"ஜெரிக்குப் போன கிழமையே சொல்லிப்போட்டன். இவைக்கும் ஒரே கதையைச் சொல்லுவம் எண்டு நினைச்சன். ரெண்டு கதை வச்சிருக்க எனக்கு ஏலாதப்பா."

"ஜெரி என்ன சொன்னவர்?"

"அண்டைக்கு உம்மட கையைக் குலுக்காமல் வந்திட்டன் எண்டவன்."

வேண்டும் என்று கேட்டது கிடைத்தது. கேட்காத இடத்தில் வைத்துத் தந்தார். திட்டவும் முடியவில்லை.

ஏப். 13, ஞாயிறு

மழை. ரியூசனுக்கு நான்கு பிள்ளைகள்.

நிரோசாவின் தாய் காலையில் போன் செய்தா. "பிள்ளைக்கு இனி ஞாயிற்றுக்கிழமையிலை நேரமில்லை ரீச்சர்." நான் பரவாயில்லை என்றேன். பரவாயில்லை அல்ல. அந்தப் பிள்ளைக்கு 95 எடுக்க முடியும். மற்றவன் வரவும் இல்லை, சொல்லவும் இல்லை.

துவாயைக் கதவிலிருந்து எடுத்துத் தோய்க்கப் போட்டேன். சுரேந்தர் என்கிற பெடியன் மூக்கை உறிஞ்சி, நொதித்தலை நேரே பார்க்கலாமா மிஸ் என்று கேட்டான். அம்மாவிடம் கேட்டுக்கொண்டு வா என்றேன்.

ஏப். 15, செவ்வாய்

8 பாகை. கோட் இல்லாமல் வேலைக்கு. நேற்று லீவு போட்டு மூன்றாம் தரம் காய்ச்சினோம். ஜெரி இன்னும் கேட்கிறார். வெ. 18.

சாப்பிடும்போது போன். சரோ அன்ரி. திட்டத்தான் போகிறா என்று இவர் கண்ணைக் காட்டினார்.

"பிள்ளை, உம்மட பியரிலை அடியிலை ஒண்டு தங்குமாமே, வெள்ளையா?"

"மதுவம். ஓம் அன்ரி."

"கடை ஈஸ்ற் போட்டுப் போட்டு அலுத்துப்போனன். ஒருநாளும் அப்பம் அப்பமா வாறேல்லை. உதிலை கொஞ்சம் விட்டால் என்ன?"

யோசித்தேன். "கசக்கும் அன்ரி. குளிர்தண்ணியிலை கழுவித்தான் தரவேணும்."

"கழுவித் தாருமன். வெள்ளிக்கிழமை எட்டுப் பேர் வருகினம். ஆருக்கும் சொல்லிப்போடாதையும்."

"ஓம் அன்ரி."

இரண்டாம் தரத்தில் எடுத்து வைத்த மதுவத்தை மூன்று தரம் கழுவி ஊறுகாய்ப் போத்தலில் விட்டிருக்கிறேன். அரைக் கிலோ மாவுக்கு எவ்வளவு? நாளைக்கு முதலில் நூறு கிராமில் செய்து பார்க்க வேண்டும். பெருக்குவது பிறகு.