சேய்னியின் அமிலக் கணக்கு

நெயாஃபு,
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் பெனிசிமானிக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் தங்கை சேய்னியும் சாப்பிட்டுக்கொண்டு நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அதற்குமேல் நலம் என்று எழுத இன்னும் கை வரவில்லை. ஆக்லாந்து குளிரில் நீ காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போகிறாயா, ஆண்டவர் உன்னை நல்லபடி வைத்திருக்கட்டும்.

அப்பாவைப் புதைத்து ஏழு வாரம் ஆகிறது. கறுப்பு உடுத்தி இடுப்பில் துக்கப் பாய் கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். துக்க முறைப்படி லேசியெலி அத்தை சேய்னியின் தலைமுடியை வெட்டினார், அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை, வெள்ளிக்கிழமைக் கப்பலில் அவளையும் தலைநகர் நுகுஅலோஃபாவுக்குக் கூட்டிப்போகிறேன், என் வீட்டில் ஒத்தாசைக்கு ஆள் வேண்டும் என்றார். திங்கட்கிழமை இவளுக்கு வேதியியல் பரீட்சை, எழுதாவிட்டால் அடுத்த வகுப்பு இல்லை. அப்பாவின் அக்கா சொன்னதை நம் வீட்டில் யார் மறுத்திருக்கிறார்கள்? இவள் தேறுவாளா என்றாவது தெரிந்தால் ஒரு வார்த்தை பேசலாமே என்று புதன்கிழமை அவள் படிக்கும்போது போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன், அப்பா உட்காரும் இடத்தில்.

அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் தண்ணீரும் ஆகுமாம். இரண்டுமே கையைப் பொசுக்கும் சாமான், எப்படி உப்புத் தண்ணீர் ஆகும், எனக்குப் பிடிபடவில்லை. அவள் தாளில் போட்ட அம்புக்குறிக்கு இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டுமாம். இந்தப் பக்கம் இரண்டு சாமான், அந்தப் பக்கம் இரண்டு, சரியாகத்தானே இருக்கிறது என்றேன். துக்கத்துக்கு வந்த கூடைகளையும் நாம் திருப்பிக் கொடுத்தவற்றையும் அப்படித்தானே எண்ணினேன். அதற்கு அவள், "கூடைய எண்ணாதம்மா, உள்ள என்ன இருக்குன்னு எண்ணு" என்றாள். எண்ணினால் எச் என்ற எழுத்து இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் இரண்டு. கீழே இருக்கும் குட்டி எண்ணைத் தொடக்கூடாதாம், தொட்டால் வேறு பொருளாகிவிடுமாம், முன்னால்தான் எண் போடலாமாம். காரத்துக்கு முன்னால் ஒரு இரண்டு, தண்ணீருக்கு முன்னால் ஒரு இரண்டு போட்டாள். அந்த இன்னொரு காரத்தை யார் கொண்டுவந்தது என்று கேட்டேன். சிரித்துவிட்டாள் மகனே, ஏழு வாரத்தில் முதல் தடவை. அவள் சொன்ன பதில்தான் எனக்கு விளங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அத்தை வந்து பெட்டி கட்டியாகிவிட்டதா என்றார். "அவ வரல அக்கா, பரீட்சை இருக்கு" என்றேன், என் வாயில் எப்படி வந்ததோ. "அவ எழுதுறது சரியா தப்பான்னு உனக்குத் தெரியுமா?" என்றார். "தெரியாது" என்றேன். "தெரியாமலா என்னை மறிக்கிற?" என்றார். "ஆமாக்கா" என்றேன். மரியாதையாகத் தரையில் உட்கார்ந்துதான் சொன்னேன், குரலை உயர்த்தவில்லை. இன்று காலைக் கப்பலில் தனியாகப் போனார், என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் செய்தது பாவமா, அப்பா இருந்தால் என்ன சொல்லியிருப்பார், யோசிக்க யோசிக்க ஒன்றும் தெளியவில்லை.

நாளை விமானத்தில் வரும் பக்கத்து வீட்டு சியாலே கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன், சேய்னி எழுதிய தாளும் உள்ளே இருக்கிறது. ஆண்டவர் உன் கைகால்களைக் காக்கட்டும், உன் வேலையை ஆசீர்வதிக்கட்டும். மறந்துவிடாதே, தாளில் தப்பு இருந்தால் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போனில் கூப்பிட்டு அவளிடம் சொல். என்னிடம் சொல்லாதே. சரியோ தப்போ, திங்கட்கிழமை அவள் எழுதப் போவாள்.

உன் அம்மா,
லவீனியா