புதன்கிழமைக்கு ஒரு கோழி

பாடி,
14.7.94

அன்புள்ள மகள் நாகவல்லிக்கு அம்மா சொர்ணம் சொல்லச் சொல்ல உன் அண்ணன் கோவிந்தன் எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் சௌக்கியம், நாக்பூரில் நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்களா என்று கேட்கச் சொன்னாள். இதையே அவள் பல விதமாகக் கேட்டாள், நான் ஒரு தடவை எழுதிவிட்டேன். கன்னியம்மாள் அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது, இப்போது எதிர்வீட்டில் என்ன குழம்பு என்றுகூடத் தெரிகிறதாம். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

டைப்பிஸ்ட் வேலையை விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தாய். ஆபீஸ் விட்டு வர இருட்டிவிடுகிறது, அதற்குமேல் சமைக்கத் தெம்பில்லை, வாரம் முழுக்க ரசமும் அப்பளமும்தான், மாப்பிள்ளை வாய் திறந்து ஒன்றும் சொல்வதில்லை ஆனால் தட்டையே பார்க்கிறார் என்று எழுதியிருந்தாய். படித்துக் காட்டியதும் அம்மா, இன்னாத்துக்கு இந்த அவஸ்தை, உட்டுட்டு ஊட்டோட இருக்கச் சொல்லு என்றாள். அதை எழுத மாட்டேன் என்றேன். அப்பா போனபிறகு பேக்கிங் செக்‌ஷனில் நின்றே எங்கள் இருவரையும் ஆளாக்கினாயே, இன்றைக்கும் போகிறாயே, நீ விட்டாயா என்று கேட்டேன். எழுந்து வெற்றிலை போடப் போய்விட்டாள்.

இங்கே புதன்கிழமைகளில் நான் வறுக்கிற கோழிக்கு வருகிறேன். நாட்டுக்கோழி வேண்டாம், அது ஞாயிற்றுக்கிழமைச் சரக்கு, வேகவே ஒரு மணி நேரம். பிராய்லர் வாங்கு. தொடைக்கறியை எலும்பு நீக்கித் தரச் சொல். இங்கே கறிக்கடை சுலைமான் பாய் முதலில் முறைத்தார், இப்போது நான் தெருமுனையில் வரும்போதே இன்ஜினீர் வந்துட்டாரு, கத்தியத் தீட்டு என்கிறார். துண்டெல்லாம் ஒரே கனமாக, விரல் கனத்துக்கு இருக்க வேண்டும். கனம் மாறினால் ஒன்று கருகும், இன்னொன்று உள்ளே பச்சையாக நிற்கும், இது தெரிய ஐ.டி.ஐ. படிக்கத் தேவையில்லை. கழுவிப் பிழிந்து ஈரம் போக ஒற்றி, உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், இடித்த இஞ்சி பூண்டு தடவி வைத்துவிட்டுச் சோற்றுக்கு உலை வை. கல் நன்றாகக் காய்ந்தபிறகு எண்ணெய் விட்டு, துண்டுகளை இடைவெளி விட்டு அடுக்கு. முதல் தடவை நான் அவசரத்தில் அத்தனையும் கொட்டினேன், கறி தண்ணீர் விட்டுக் கொதித்தது. அம்மா எட்டிப் பார்த்து, வறுவல்னு சொன்னே, கொயம்பாகீது நைனா, நல்லாத்தான் கீது என்றாள். வைத்ததைக் கிண்டாதே. அடி சிவந்தால் தானாகக் கல்லை விடும், அப்போது திருப்பு, தீயைக் குறைத்துத் தட்டுப் போட்டு மூடு. குத்தினால் தெளிந்த நீர் வரவேண்டும், சிவப்பாக வந்தால் இன்னும் கொஞ்சம் வேகவிடு. எலுமிச்சை பிழி, அவ்வளவுதான். சோறு வடிக்கும்போது கறியும் தயார்.

இதெல்லாம் உனக்கு எழுதவில்லை, மாப்பிள்ளையிடம் படித்துக் காட்டு. ஷிப்ட் முடிந்து மத்தியானமே வந்து படுத்துவிடுகிறார் என்று நீதானே எழுதினாய். லேத் ஓட்டுகிறவருக்கு ஒரு கல்லைக் காயவைக்கத் தெரியாதா. புதன்கிழமைக் கோழி அவர் பொறுப்பு. வேலையை விடுவது பற்றி இனி எழுதாதே.

இதுவரை படித்துக் காட்டினேன். அம்மா பதறிப்போய், மாப்பிள்ளைய அடுப்பாண்ட நிக்கச் சொல்றியா, இன்னா நெனைப்பாரு, கிழிச்சுப் போடு என்றாள். புதன்கிழமையானால் நான் நிற்கிறேனே, நீ என்ன நினைக்கிறாய் என்றேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு சொன்னதை ஒரு எழுத்தும் வெட்டாமல் எழுதுகிறேன்.

நாகு, வேலைக்குப் போய்கினே இரு கண்ணு. அப்பல்லாம் நான் வேலை முடிஞ்சு வரச்சொல்ல எனக்குன்னு ஒருத்தரும் ஒலை வச்சதில்ல. இப்ப புதங்கெயமைல தெருவுல வரச்சொல்லவே நம்ம ஊட்டு வாசனை வருது, செருப்பு கயட்டறதுக்குள்ள பசி எடுத்துக்குது. அந்தப் பசி உனக்கும் எடுக்கட்டும். மாப்பிள்ளை மொத நாளு கருக்கிட்டாலும் நல்லாகீதுன்னு சொல்லிட்டுத் துன்னு. உங்கண்ணன் மொதல்ல வச்சத வாயில வைக்க முடியல, நானு சொல்லல.

ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டு நூறு வயசு நல்லாருங்க. தோசைக்கல்லுல கவிச்சி படக்கூடாது, வேற கல்லு வாங்கிக்கச் சொல்லு.

இப்படிக்கு,
அம்மா சொர்ணம்
(அவள் சொல்ல எழுதியவன் கோவிந்தன்)