பான்போ பார்க்க வந்த மாஸ்ரர்

வோபர்ன், ரொறன்ரோ
9.3.1997

அன்பின் அத்தானுக்கு,

ஆண்டவருடைய கிருபையால் நான் சுகம். நீங்களும் சுகமென்று நம்பித்தான் எழுதுகிறேன். தாளின் மேலே ஆங்கிலத்தில் சச்சிதானந்தன் மாஸ்ரர் என்று எழுத என் கை கூசியது. என்ன செய்வது, உங்களைக் கனடாவுக்குக் கொண்டுவர ஏஜென்ற் தந்த பாஸ்போட்டில் அந்தப் பெயர்தானே இருக்கிறது. தபால் நேரத்துக்கு வராது என்பதால் சண்முகலிங்கம் அண்ணையின் பலசரக்குக் கடையிலிருந்து உங்கள் ஹோட்டலுக்கு ஃபாக்ஸில் அனுப்புகிறேன். வாசித்ததும் கிழித்துவிடுங்கள்.

நீங்கள் போனில் சொன்னதையே திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமையோடு உங்கள் சீன விசா முடிகிறது. அதற்கு முன் பொலிஸ் கந்தோருக்குப் போய், நான் சரித்திர வாத்தியார், பழைய இடங்கள் பார்க்க வந்தேன், இன்னும் ஒரு மாதம் தாருங்கள் என்று கேட்க வேண்டும். அவர்கள் நம்பாவிட்டால் உங்களைக் கொழும்புக்கு ஏற்றிவிடுவார்கள். அங்கே இறங்கியதும் என்ன நடக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு மீன்பிடிக்க வள்ளத்தில் ஏறியவர் நீங்கள். உங்களைப் போய் வாத்தியார் என்று எழுதியிருக்கிறானே அந்த ஏஜென்ற், போடுவதற்கு அவனுக்கு வேறு தொழிலே கிடைக்கவில்லையா?

அதனால் உங்களுக்காக நான் படித்தேன். எங்கள் கட்டடத்திலேயே இருக்கிற பேர்ணடெற் அக்கா ஊரில் இங்கிலிஸ் ரீச்சராக இருந்தவ. வேலை முடிந்ததும் அவவைக் கூட்டிக்கொண்டு லைபிரரிக்குப் போனேன். அவ வாசித்துச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "உமக்கு ஏன் பிள்ளை சீனாக்காரற்றை சட்டிபானையெல்லாம்?" என்று முதலில் சிரித்தா. காரணத்தைச் சொன்னேன். பிறகு சிரிக்கவில்லை.

சரி, கவனமாகப் பாடமாக்குங்கள். நீங்கள் இருக்கும் சியான் நகரத்தின் கிழக்குப் பக்கம் பாச்சியாவ் மாவட்டம். அங்கேதான் பான்போ, ஆறாயிரம் வருசத்துக்கு முந்திய கிராமம். 1953இல் ஏதோ கட்டட வேலைக்கு மண் வெட்டியபோது அகப்பட்டதாம். இப்போது அதற்கு மேலேயே கூரை போட்டு மியூசியம் ஆக்கியிருக்கிறார்கள். சுற்றிவர அகழி. பாதி நிலத்துக்குள் தாழ்ந்த வீடுகள். சிவப்புச் சட்டியில் கறுப்பால் மனித முகமும் மீனும் கீறியிருப்பார்கள். அந்தக் காலத்தில் அங்கே பெண்கள் சொன்னதுதான் சட்டம் என்றும் எழுதியிருக்கிறது. அது உங்களுக்குப் புதிதில்லை.

எலும்பில் செய்த தூண்டிலும் வலைக்குக் கட்டிய கல்லும் கூட இருக்கிறதாம். தயவுசெய்து அதைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள். தொடங்கினால் உங்களுக்கு நிற்பாட்டத் தெரியாது. எந்த ஊர்ச் சரித்திர வாத்தியார் வலைப் பாரத்தைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைப்பார்?

அதே மாவட்டத்தில் ஆற்றுக்கு மேலே பேர்பெற்ற பழைய பாலம் ஒன்று இருந்தது. தூரப் பயணம் போகிறவர்களை அதுவரைக்கும் கூட்டிவந்து, வில்லோ மரத்தில் ஒரு கொப்பு முறித்துக் கொடுத்து அனுப்புவார்களாம். அங்கேயே ஒரு பழைய கல்லறையில் உலகத்திலேயே மிகப் பழைய காகிதம் கிடைத்தது என்கிறார்கள். அது காகிதமே இல்லை என்று சொல்கிறவர்களும் உண்டு. கேட்டால், ஆராய்ச்சி நடக்கிறது என்று சொல்லுங்கள். வாத்திமார் அப்படித்தான் தப்பிப்பார்கள்.

கழுத்திலுள்ள அந்தோனியார் பதக்கத்தைக் கழற்றிப் பைக்குள் வையுங்கள். பயம் வந்தால் உங்கள் கை தன்பாட்டில் சிலுவை போடும். சச்சிதானந்தன் என்ற பெயரை வைத்துக்கொண்டு அங்கே சிலுவை போடாதீர்கள். சீனாக்காரனுக்கு உது விளங்காது அக்கா என்று தம்பி றமேஸ் சொல்கிறான். ஏஜென்றின் ஆள் மொழிபெயர்க்க வருவானாம், அவன் பார்த்துக்கொள்வானாம். எனக்கு நம்பிக்கை இல்லை. கந்தோருக்குப் போக முன் பான்போவுக்கு ஒருதரம் போய், மியூசிய ரிக்கற்றைப் பத்திரமாக வைத்திருங்கள். காட்ட ஏதாவது வேண்டும்.

இன்னொன்று. எழுதாமல் விடத்தான் நினைத்தேன். தெரியாமல் போய் நீங்கள் அதற்கு முன்னால் நிற்பதிலும் பார்க்க நான் சொல்வது நல்லது. அந்த ஊரில் பெரியவர்களை அகழிக்கு வெளியே புதைத்தார்கள். சின்னப் பிள்ளைகளை மட்டும் சாடிக்குள் வைத்து வீட்டுக்குப் பக்கத்திலேயே தாட்டார்கள். மூடியில் ஒரு சின்ன ஓட்டை. பிள்ளையின் ஆவி வந்துபோவதற்காக இருக்கலாமாம். பேர்ணடெற் அக்கா அவ்வளவில் புத்தகத்தை மூடிவிட்டா. நான்தான் திரும்பத் திறந்து வாசிக்கச் சொன்னேன்.

இடம்பெயர்ந்து ஓடியபோது, யாருடையதோ வளவில், எங்கள் பிள்ளையைத் தேயிலைப் பெட்டியில் வைத்து நீங்கள்தான் ஆணி அடித்தீர்கள். மழைத் தண்ணீர் போகக்கூடாது என்று இறுக்கி இறுக்கி அடித்தீர்கள். ஒரு ஓட்டை விட்டிருக்கலாமோ என்று இப்போது எந்த நேரமும் அதே யோசனையாக இருக்கிறது. விசர் யோசனை என்று எனக்கே தெரியும். உங்களில் ஒரு பிழையுமில்லை அத்தான்.

ஆனால் அந்தச் சாடிகளைப் பார்க்கப் போகாதீர்கள். பான்போவில் என்ன பார்த்தாய் என்று பொலிஸ்காரன் கேட்டால் மீன் கீறிய சட்டியைச் சொல்லுங்கள். அவனே சாடிப் பேச்சை எடுத்தாலும் கவனிக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள். சச்சிதானந்தன் மாஸ்ரருக்குப் பிள்ளை சாகவில்லை. அழுவதென்றால் இங்கே வந்து, என் பக்கத்தில் இருந்து அழுங்கள்.

மாதா உங்களுக்கு முன்னே நடக்கட்டும்.

உங்கள்
வேரோனிக்கா