சத்தமில்லாமல் பார்த்த படம்

மெல்பேர்ண்
11.02.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

தொலைபேசியில் நான் கத்துவதும் நீங்கள் "ஆ? என்ன?" என்பதுமாக இரண்டு பேருக்குமே களைத்துப்போகிறது. இனிக் கடிதம்தான். முப்பது வருடம் அனலைதீவுக்காரரின் கடிதங்களுக்கு முத்திரை குத்திய உங்களுக்கு மகளிடமிருந்தும் ஒன்று வரட்டும்.

இதற்குள் ஒரு பென் டிரைவ் இருக்கிறது. டிவியின் பின்பக்கம் செருகினால் படம் ஓடும். நான் இங்கே என்ன வேலை செய்கிறேன் என்று எப்போதும் கேட்பீர்களே, இதுதான் அது. பிறமொழிப் படங்களில் பேசுவதை எழுத்தாக்கிக் கீழே போடுவது. இந்தப் படத்துக்கு உங்களுக்காகவே தமிழில் எழுதினேன். பத்து நாள் பிடித்தது.

பயப்படுத்தும் படம்தான். ஆனால் பேய் பாய்ந்து வருகிற வகை இல்லை. பார்த்து முடித்து எழும்பிய பிறகுதான் அது மனதுக்குள் ஓடத் தொடங்கும். தனியே இருந்து பாருங்கள்.

காதுக் கருவியைத் திருத்தினீர்களா?

அன்பு மகள்
கஜாலினி


அனலைதீவு
06.03.2024

அன்பு மகள் கஜாலினிக்கு,

உன் கடிதம் வர இருபது நாள் சென்றது. நான் தபால் கந்தோரில் இருந்த காலத்தில் இப்படி விட்டிருக்கமாட்டேன். கருவியை இன்னும் திருத்தவில்லை. வள்ளம் ஏறி ஊர்காவற்துறை போய், அங்கிருந்து பஸ்ஸில் யாழ்ப்பாணம் போகிற அலைச்சலை நினைத்தால் செவிடாகவே இருந்துவிடலாம் போலிருக்கிறது.

படத்தைப் போட்டேன். ஏன் பிள்ளை, உலகத்தில் வேறு படமே இல்லையா? பனி கொட்டுகிற ஊர். ஒரு பெண் படிக்கட்டில் குந்தியிருந்து, ஆளில்லாத இடத்தைப் பார்த்துக் கதைக்கிறாள். புருசன் கதவுப் பூட்டின் திறப்பு ஓட்டையால் எட்டிப் பார்க்கிறான். ஊர் கூடுகிறது. மந்திரிக்க ஒருவன் வருகிறான். பக்கத்து வீட்டு நிலாந்தியும் வந்திருந்து பார்த்தாள். "அண்ணை, இந்த மியூசிக்கைக் கேக்கவே ஈரக்குலை நடுங்குது. நான் போறன்" என்று என் காதுக்குள் கத்திவிட்டு எழும்பிப் போய்விட்டாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, அதனால் பயமும் வரவில்லை. பாதிப் படம் ஓடியும் பேயைக் காணவில்லை. நானும் நிறுத்திவிட்டேன்.

நீ எழுதிய தமிழ் நன்றாயிருந்தது. எங்கள் ஊர்ச் சொற்களாகவே போட்டிருக்கிறாய். அதுதான் என்னவோ செய்தது.

நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா


மெல்பேர்ண்
29.03.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் நிறுத்தியது, புருசன் கதவைப் பூட்டுகிற இடத்திலா?

நிலாந்தி அக்காவைப் பயப்படுத்தியது இசைதான். நேற்று நானும் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். முகங்கள் மட்டும்தான் மிஞ்சின. எத்தனையோ தரம் பார்த்த படம், ஆனால் அந்தப் புருசனின் முகத்தை அப்போதுதான் சரியாகக் கண்டேன். அவன் கெட்டவன் இல்லை, பயந்தவன்.

இப்படியான படங்கள் எனக்கு ஏன் பிடிக்கும் என்று கேட்பீர்கள். தொடங்கும்போது "பேய் எங்கே?" என்று தேடிக்கொண்டிருப்போம். முடியும்போது "இவ்வளவு நேரமும் யாருடைய கண்ணால் பார்த்தேன்?" என்று நம்மையே கேட்கவேண்டி வரும். பாதிவரை நாம் புருசனோடு கதவுக்கு வெளியே நிற்கிறோம். அதற்குப் பிறகு படம் அறைக்குள் போகிறது. நீங்கள் அறைக்குள் போகவே இல்லை.

விட்ட இடத்திலிருந்து பாருங்கள் அப்பா. எனக்காக.

கஜாலினி


அனலைதீவு
22.04.2024

அன்பு மகளுக்கு,

பார்த்தேன். மூன்று தரம் பார்த்தேன்.

அறைக்குள் பேய் இல்லை. அவள் மட்டும்தான் இருக்கிறாள். பேய் போல வருவதெல்லாம் வெளியிலிருந்துதான் வருகிறது: கதவின் கீழே நிழல், புகை, தட்டுகிற கை. அவள் மூலையில் ஒடுங்கிக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நாங்கள்தான் பேய் என்று அப்போது விளங்கியது. "நாங்கள்" என்று எழுதிவிட்டேன். வெட்டவில்லை, அப்படியே இருக்கட்டும்.

உன் தம்பி இறந்து பிறந்த பிறகு உன் அம்மா நித்திரை கொள்ளவில்லை. வெறுந்தொட்டிலை ஆட்டிக்கொண்டு அவனோடு கதைத்தாள். ஆஸ்பத்திரி மிஸி என்னைத் தேடிக் கந்தோருக்கே வந்தா. "அண்ணை, இது வருத்தம். இதுக்கு மருந்து இருக்கு. யாழ்ப்பாணம் கொண்டு போங்கோ" என்று சொன்னா. எனக்கு ஊரை நினைக்க வெட்கமாயிருந்தது. பைத்தியத்துக்கு மருந்தெடுக்கிற பெண்ணின் புருசன் என்பதைவிட, பேய் பிடித்தவளின் புருசன் என்பது லேசாயிருந்தது. மந்திரிக்கிறவரைக் கூப்பிட்டேன். அவர் சொன்னபடி அவளை அறையில் வைத்துப் பூட்டினேன். ஒன்பது நாள். "இஞ்சாருங்கோ, கதவைத் திறவுங்கோ. எனக்குப் பயமாக் கிடக்கு" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டாள். அந்தக் காலத்தில் எனக்கு நன்றாகக் காது கேட்டது.

ஒன்பதாம் நாள் மத்தியானம் பூட்டுத் திறந்து கிடந்தது. என் தவமலரைத் தோட்டக் கிணற்றில் கண்டோம். பேய்தான் பூட்டைத் திறந்து அவளைக் கொண்டுபோனது என்று மந்திரிக்கிறவர் சொன்னார். இருபத்திரண்டு வருடமாக ஊருக்கு நானும் அதையே சொன்னேன். உனக்கு மட்டும், அம்மா கால் தவறி விழுந்தவ என்று சொன்னேன்.

அப்பா


மெல்பேர்ண்
15.05.2024

அப்பாவுக்கு,

அந்தப் படத்தை வேண்டுமென்றேதான் அனுப்பினேன். நீங்கள் பூட்டியதை உங்கள் கையாலேயே எழுதவேண்டும் என்று ஆசைப்பட்டேன். எழுதிவிட்டீர்கள். எனக்குக் கோபம் வந்தது. இன்னும் இருக்கிறது. மிஸி வந்து சொன்னது எனக்குத் தெரியாது. அதை வாசித்தபோது கடிதத்தைத் தூக்கி எறிந்தேன்.

ஆனால் உங்களைச் சொல்லவைத்துவிட்டு நான் ஒளிந்திருக்க முடியாது.

பூட்டைத் திறந்தது நான். நீங்கள் குளித்துக்கொண்டு நின்றீர்கள். கொடியில் கிடந்த உங்கள் சேட்டுப் பையிலிருந்து திறப்பை எடுத்தேன். அம்மா கதவுக்குக் கீழால் விரல்களை நீட்டி, "கஜா, தண்ணி விடாய்க்குது பிள்ளை" என்றா. திறந்தேன். என்னைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினா. "நீ குசினியிலை இரு. அம்மா தண்ணி அள்ளிக்கொண்டு வாறன்" என்றா. தண்ணீர் அள்ளத்தான் போனாவோ, சாகத்தான் போனாவோ, எனக்கு இன்றுவரை தெரியாது. ஆட்கள் கத்திக்கொண்டு ஓடும்வரைக்கும் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தேன்.

எனக்கு எட்டு வயது. பேய்தான் திறந்தது என்று எல்லோரும் சொன்னபோது, அந்தப் பேய் நான்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஊருக்கு வராமல் இருப்பது லீவு கிடைக்காததால் இல்லை.

எனக்கு ஆறுதல் சொல்லவேண்டாம். உண்மையில் என்ன நினைக்கிறீர்களோ, அதை எழுதுங்கள். என்னோடு கதைக்கப் பிடிக்காவிட்டால் அதையும் எழுதுங்கள்.

கஜாலினி


அனலைதீவு
10.06.2024

என் பிள்ளைக்கு,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு அடுத்த வள்ளத்தில் ஏறிச் சுருவிலுக்குப் போனேன், உன் அன்னப்பிள்ளை பெரியம்மாவிடம். தங்கச்சியைப் பேய் கொண்டுபோனது என்று இவ்வளவு காலமும் நம்பியிருந்தவ அவதான். கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னா. இருக்க மனம் வரவில்லை. நின்றபடியே மிஸி சொன்னதைச் சொன்னேன். நான் பூட்டியதைச் சொன்னேன். உன்னைக் கேளாமல், நீ திறந்ததையும் சொல்லிவிட்டேன். அதற்கு என்னைத் திட்டு. பேய் என்ற சொல் இல்லாமல் அந்தக் கதையை ஒருவராவது கேட்கவேண்டும் போலிருந்தது.

பெரியம்மா எனக்குக் கேட்கத்தக்கதாக, உரத்துச் சொன்னா.

"ஒன்பது நாள் என்ரை தங்கச்சி கூப்பிட்டுக்கொண்டு கிடந்திருக்கிறாள். அந்த வீட்டிலை மனுசராய் இருந்தது அந்தப் பிள்ளை ஒண்டுதான். நீர் இனி இந்தப் படலைக்குள்ளை வராதையும். பிள்ளையின்ரை நம்பரைத் தந்திட்டுப் போம்."

நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டாய். நானும் அதைத்தான் நினைக்கிறேன். உனக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. அன்று காலையில் மந்திரிக்கிறவர், இன்னும் பன்னிரண்டு நாள் பூட்டிவைக்கவேண்டும் என்று சொன்னார். நான் தலையாட்டினேன். நீ திறந்திருக்காவிட்டால், அந்தப் பன்னிரண்டு நாளும் நான் பூட்டித்தான் வைத்திருப்பேன். உன் அம்மாவைக் கடைசியாகத் தொட்டது உன் கை. அந்த அளவுக்காவது அவளுக்குக் கிடைத்தது.

நம்பரைக் கொடுத்துவிட்டேன். பெரியம்மாவின் மகன் வாகீசன் போன் எடுத்துக்கொடுப்பான். அவ நன்றாக அழுவா. பயந்து போனை வைத்துவிடாதே. அவ கேட்கிறதுக்கெல்லாம் பதில் சொல்லு, அம்மாவின் சின்ன வயதுக் கதைகளைக் கேள். என்னிடம் அவை இல்லை.

எனக்குக் கடிதம் எழுத உனக்கு மனம் வராவிட்டால் எழுதவேண்டாம். தபால் வருகிற நாளில் வாசலில் நிற்பேன், அது என் பழக்கம். அதற்காக நீ எழுதக்கூடாது. அவ எடுக்கும்போது மட்டும் எடு.

அப்பா