முழங்கை ஊன்றும் தையல்காரர்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். நான் நலம். உங்கள் கால் வீக்கம் வற்றிவிட்டதா?

நீங்கள் சீட்டில் ஏமாற்றினீர்களாம். ஆட்ட விதியே மறந்துவிட்டது என்று அண்ணன் உங்களை ஆட்டத்திலிருந்து எழுப்பிவிட்டானாம். அம்மா எழுதியிருந்தாள். நான் கல்லூரி வேலையை விட்டபோது எனக்கும் புத்தி பிசகிவிட்டது என்றவன்தானே!

இங்கே நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில், பெரியவர்களுக்கு மறதி வராமலிருக்க, மேசை அளவுக்கு ஒரு தொடுதிரை வாங்கியிருக்கிறார்கள். அவர்கள் சுற்றி உட்கார்ந்து, அதில் கவிழ்ந்திருக்கும் சீட்டுகளை முறைவைத்துத் தொட்டுத் திருப்பி ஜோடி தேடுவார்கள். ஆட்டத்தைக் கவனித்துக்கொள்வது என் வேலை. தையல்காரர் ஒருவர், எதிரே இருக்கும் டீச்சரம்மாவின் சீட்டு மேல் சாதுவாக முழங்கையை ஊன்றிக்கொள்வார். அந்த அம்மாள் தொட்டால் திரைக்கு உறைக்காது. முறை இவருக்கு வந்துவிடும்.

போன வாரம் மேற்பார்வையாளர் இதைப் பார்த்துவிட்டார்.

"விதியே மறந்துடுச்சு இவருக்கு. ஆட்டத்துலேர்ந்து எடுத்துடலாம். கையெழுத்துப் போடுங்க சார்."

"ஜெயிக்க எங்க கை வெக்கணும்னு தெரிஞ்சு வெக்கிறாரு. இதுவா மறதி? போட மாட்டேன்" என்றேன் நான்.

"அவரை எடுத்துட்டா நான் யாரைத் திட்டறது?" என்றார் டீச்சரம்மா.

தையல்காரர் இன்னும் மேசையில் இருக்கிறார். என்னைத்தான் சலவைப் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். கவலைப்படாதீர்கள், அங்கே கதகதப்பாக இருக்கிறது. மெஷின் சத்தத்தில் யாரோடும் பேச வேண்டியதுமில்லை.

உங்கள் பழைய சட்டை ஒன்று அனுப்புங்கள், தலையணைக்கு உறை வேண்டும். துவைத்து அனுப்ப வேண்டாம்.

மணி அடித்துவிட்டது. இது கிடைத்த அன்றே போய்ச் சீட்டில் உட்காருங்கள். அண்ணன் எழுப்பினால் எழுந்திருக்காதீர்கள். அவனையும் ஆட்டத்தில் உட்காரவைத்து, ஏமாற்றியே தோற்கடியுங்கள்.

உங்கள் இளைய மகன்